ரேடியோவின் பேச்சை வெட்டியவள்

சிரிக்க ஆரம்பித்தால் அவளுக்கு விக்கல் வந்துவிடும். எங்கள் கண்ணாடிக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு இது தெரியாது. கண் பரிசோதனைக்கு வந்த ஒரு பெரியவர் எழுத்துப் பலகையை உற்றுப் பார்த்து, கடைசி வரியைப் படிக்கச் சொன்னதற்கு, "வரி எங்கம்மா இருக்கு? எறும்பு இல்ல போகுது" என்றார். அவ்வளவுதான். அவள் சிரித்து, விக்கி, தண்ணீர் குடித்து, குடித்த தண்ணீரோடு மறுபடி சிரித்து, உள்ளே ஓடிவிட்டாள். மீதிப் பரிசோதனையை நான்தான் முடித்து அனுப்பினேன்.

நான் அந்தக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். அவள் முன்பக்கம் நின்று வருகிறவர்களுக்கு ஃபிரேம் மாட்டிப் பார்க்கிறவள். இருவரும் காலையில் ஒன்றாக உட்கார்ந்துதான் டீ குடிப்போம். அதனால் அவள் வீட்டில் நடப்பதெல்லாம் சூடு ஆறுவதற்குள் எனக்கு வந்து சேர்ந்துவிடும்.

அவள் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். கெட்டிக்கார வேலைக்காரர். கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் ரேடியோ. அந்தப் பெயர் அவருக்கு இருப்பதே அவருக்குப் பெருமை. ஒரு மெஷினை அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். அதில் என்ன கோளாறு என்று சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். வீட்டுக்காரர்கள் கையில் ஈரத்துணியோடு, ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

தொல்லை ஃபோனில்தான். மெஷினிலிருந்து தண்ணீர் இறங்கவில்லை என்று தினமும் யாராவது கூப்பிடுவார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் கீழே இருக்கும் சின்னக் கதவுக்குப் பின்னால் உள்ள ஃபில்டர்தான். பட்டன், ஹேர்பின், குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ் என்று எதையாவது விழுங்கி அடைத்துக்கொண்டிருக்கும். திருகிக் கழற்றிக் கழுவிப் போட்டால் தீர்ந்தது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? ஆனால் சொல்கிறவர் ரேடியோ ஆயிற்றே. தட்டில் போட்ட சாப்பாடு காய்ந்து வறண்டு போகும்.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "இத ஒரே ஒரு தடவ வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டா என்னங்க? நீங்களும் சூடா சாப்பிடலாம், அவங்களும் பொழைச்சுப் போவாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டதாம். உடனே எழுந்து போய், விசேஷத்துக்குப் போடும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. சுவரோரம் பிரித்துப்போட்ட பழைய மெஷின்கள். அதில் ஒன்றுக்கு முன்னால் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் ஃபோனைப் பிடித்தாள்.

"ம், சொல்லுங்க."

"அதாவது என்னன்னா..." என்று ஆரம்பித்தார்.

அவர் எந்தப் பேச்சையும் அப்படித்தான் ஆரம்பிப்பார். ஃபில்டர் என்றால் என்ன என்று தொடங்கி, அந்தக் காலத்து மெஷின்களுக்குப் போய், முதன்முதலில் மெஷின் வாங்கிய தன் பெரியப்பாவுக்குத் தாவி, அந்தப் பெரியப்பா அதில் சால்வையைப் போட்டு அது கைக்குட்டையாக வெளியே வந்ததைச் சொல்லி, பெரியப்பாவின் குறட்டைக்கும் வந்துவிட்டார். அவளுக்குக் கை வலித்தது. கை மாற்றினாள். சுவரில் சாய்ந்தாள். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் அவர் அந்தச் சின்னக் கதவைத் திறந்து, "இப்ப பாருங்க, இதுதான் ஃபில்டர்" என்று கையை வைத்தபோது, ஃபோனில் இடம் தீர்ந்து போய்ப் படம் நின்றுவிட்டது.

ஃபோனில் பழைய படங்களை அழித்து இடம் பண்ணி, ஃபில்டரைக் கழற்றுவதை மட்டும் தனியாக மறுபடி எடுத்தார்கள். இரண்டையும் அனுப்பிப் பார்த்தாள். போகவில்லை. அவ்வளவு பெரியது.

அவளுடைய தங்கை வெளியூரில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள். அவளைக் கூப்பிட்டாள்.

"எவ்ளோ நேரம் ஓடுது?"

"முக்கா மணி நேரம்."

"ஃபில்டர் கழட்டறதுக்கா? மாமா என்ன, கப்பலயா கழட்டறாரு?"

"பெரியப்பா வந்துட்டாருடி நடுவுல."

"எடிட் பண்ணுக்கா. நான் ஒரு ஆப் அனுப்பறேன். கீழ நீளமா ஒரு பட்டை ஓடும், அதுதான் உன் வீடியோ. நடுவுல ஒரு வெள்ளைக் கோடு நிக்கும். எங்க வெட்டணுமோ அந்த இடத்த இழுத்துக் கோட்டுக்கிட்ட கொண்டுவா. கத்தரிக்கோல தொடு. வேணாங்கற துண்ட தொட்டு, குப்பைத்தொட்டிய தொடு. முடிஞ்சுது."

"வெட்டினா ஒரேயடியா போயிடுமே?"

"போகாது. ஒரிஜினல் ஃபோன்ல பத்திரமா இருக்கும். நீ வெட்டறது ஆப்புக்குள்ள மட்டும்தான்."

"தப்பா வெட்டிட்டா?"

"மேல வளைஞ்ச அம்பு ஒண்ணு இருக்கு பாரு. அத தொட்டா பழையபடி வந்து நிக்கும். நீ பயப்படாம வெட்டு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து ஆப்பைத் திறந்தாள். பெரியப்பா ஆரம்பிக்கிற இடத்தைத் தேடிப் பிடித்தாள். கத்தரிக்கோலைத் தொட்டாள். பட்டையில் மெல்லிய ஒரு விரிசல் விழுந்தது. பெரியப்பா முடிகிற இடத்திலும் ஒரு வெட்டு. நடுத்துண்டைத் தொட்டாள், குப்பைத்தொட்டியைத் தொட்டாள்.

பெரியப்பா போய்விட்டார். சால்வை, கைக்குட்டை, குறட்டை எல்லாவற்றோடும் போய்விட்டார். பட்டையின் இரண்டு பக்கமும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. ஓடவிட்டுப் பார்த்தாள். வீட்டுக்காரர், "அந்தக் காலத்து மெஷின்ல..." என்றார். கண்மூடித் திறப்பதற்குள் தலை ஒரு பக்கம் சற்றே குதித்தது. "...இந்தக் கதவத் திறங்க" என்றார்.

"எனக்கு ஜிவ்வுனு ஆயிடுச்சுக்கா" என்றாள் மறுநாள் என்னிடம். "கல்யாணமாகி இவ்ளோ வருஷத்துல அவர் பேச்ச நான் ஒரு தடவ கூட நிறுத்தினதில்ல. ஒரு விரல்ல நிறுத்திட்டேன்! பாவமா இருந்துச்சு, உடனே அம்ப தொட்டுக் கொண்டுவந்துட்டேன். வந்ததும் மறுபடி பேச ஆரம்பிச்சாரு. மறுபடி வெட்டிட்டேன். கொண்டுவர்றேன், வெட்டறேன், கொண்டுவர்றேன், வெட்டறேன். சாயங்காலம் வரைக்கும் இதேதான்."

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. அவர் பேச்சிலிருந்த "அதாவது என்னன்னா"க்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி எடுத்தாள். எடுத்ததைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டித் தனியாக ஒரு வீடியோ செய்தாள். அதைக் கடைக்குக் கொண்டுவந்து எனக்குப் போட்டுக் காட்டினாள். விசேஷச் சட்டையில் ஒரு மனிதர், மிகவும் பொறுப்பான முகத்தோடு, "அதாவது என்னன்னா, அதாவது என்னன்னா, அதாவது... என்னன்னா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு தடவை மூக்கைச் சொறிந்துகொண்டு சொல்கிறார். ஒரு தடவை விரலைத் தூக்கிக்கொண்டு சொல்கிறார். விஷயம் மட்டும் வரவே இல்லை. நான் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு விக்கல். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா அங்க?" என்றார். "அதாவது என்னன்னா சார்..." என்று நான் வாய்தவறி ஆரம்பித்துவிட்டேன். அவள் கல்லாவுக்கு அடியில் குனிந்துகொண்டாள்.

வீடியோவில் ஒரு சங்கடம் இருந்தது. வெட்டின இடத்திலெல்லாம் அவர் தலை குதித்தது. தவளை பேசுவது போலிருந்தது. அதை மறைக்க ஆப்பில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகும்போது பக்கம் புரள்வது, நட்சத்திரம் வெடிப்பது, இதயம் மிதப்பது, எல்லாம் சுழன்று உள்ளே போவது என்று ஒரு கடையே விரித்து வைத்திருந்தார்கள். அவள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஃபில்டரைக் கழற்றும் இடத்தில் ரோஜா இதழ் கொட்டியது. தங்கைக்கு அனுப்பினாள்.

"அக்கா, தலை சுத்துது. மெஷின் சுத்தினா போதும், படம் சுத்த வேணாம்."

"பின்ன அந்தக் குதிக்கறத என்ன பண்றது?"

"மேல வேற படம் போடு. அவர் பேசிட்டே இருக்கட்டும். குதிக்கற எடத்துல அவர் மூஞ்சிக்குப் பதிலா கை, திருகு, தண்ணி, ஏதாவது காட்டு. குரல் கீழ ஓடிட்டே இருக்கும்."

குரல் ஒரு வேலையும் படம் ஒரு வேலையும் பார்க்கலாம் என்பது அவளுக்கு அதுவரை தோன்றவே இல்லை. டிவியில் தினமும் பார்த்ததுதான், ஆனாலும் யாரோ முதுகில் தட்டியது போல் இருந்ததாம். அன்றிலிருந்து ஃபோனும் கையுமாக அலைந்தாள். அவர் கை திருகைச் சுற்றுவது, ஃபில்டர் வாயிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் கொட்டுவது, உள்ளே இருந்து ஒரு பச்சை பட்டன் எட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும் கிட்டப்போய் எடுத்தாள். அவர் "போதும்மா, கை விறைச்சுப் போச்சு" என்றால், "இன்னொரு தடவ மெதுவா சுத்துங்க, கை மட்டும்தான், நீங்க வாயத் திறக்க வேணாம்" என்பாள். அப்படி ஒரு வார்த்தை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

பைத்தியம் கடைக்கும் வந்தது. வருகிறவர்கள் பேசப் பேச அவள் கண் எங்கே வெட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். "அவங்க பொண்ணு வேலைய பத்திச் சொன்னாங்களே, அத அப்படியே எடுத்துட்டு, நேரா பவர் எவ்ளோன்னு ஒட்டியிருந்தா சூப்பரா இருந்திருக்கும்க்கா" என்பாள். ஒருநாள் ஒரு ஃபிரேமைக் கீழே போட்டுவிட்டு அவள் பெருவிரல் காற்றில் அம்பைத் தேடியதை நானே பார்த்தேன்.

கடைசியில் வீடியோ மூன்று நிமிஷத்துக்கு வந்தது. ஒரு பூவும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் போனது. அவர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் அடங்கியது.

முதன்முதலாக அதைப் பார்த்த அன்று வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று அவள் கதவருகில் நின்றிருந்தாள். அவர் ஒரு தடவை பார்த்தார். மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் தடவை பார்த்தார்.

"பாத்தியா? எவ்ளோ சுருக்கமா பேசியிருக்கேன்!"

ஃபோனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எல்லாரும் ரேடியோ, ரேடியோங்கறானுங்க. ஒரு வார்த்த கூடுதலா இருக்கா சொல்லு? எனக்கே தெரியாம இப்படி ஒரு தெறம இருந்திருக்கு பாரேன்."

அவருக்குத் தான் பேசிய முக்கால் மணி நேரம் மூன்று நிமிஷமாகவே நினைவில் இருந்தது போல. அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

இதன் பலன் சீக்கிரமே வந்தது. வீட்டுச் சாமான் ரிப்பேர் கற்றுத்தரும் ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். "சார், உங்க வீடியோவ பாத்தோம். இவ்ளோ நறுக்குனு யாரும் சொல்லிக்குடுக்கறதில்ல. எங்க மாணவர்களுக்கு வந்து அரை மணி நேரம் ஃபில்டர பத்திப் பேசணும்."

அவள் என்னிடம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, அங்க கத்தரிக்கோல் கிடையாதே!"

"நீ போறியா?"

"வீடியோ எடுக்கணும்னு சொல்லிட்டாரு. முதல் வரிசையில உக்காரணுமாம்."

அவள் போனாள். நானும் கடையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். விடுவேனா?

பெரிய கூடம். நீள மேசைகளில் மின்விசிறிகளும் மிக்ஸிகளும் வயிறு திறந்து கிடந்தன. ஆணும் பெண்ணுமாக மாணவர்கள். ஓரத்தில் கைக்கடிகாரமும் கையுமாகப் பயிற்சியாளர் அம்மா ஒருவர். ரேடியோ அதே சட்டையில் எழுந்து நின்றார்.

"அதாவது என்னன்னா..."

அவள் என் முழங்கையைப் பிடித்து நசுக்கினாள்.

ஃபில்டரில் ஆரம்பித்தது உண்மை. இரண்டாவது வாக்கியத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார். பெரியப்பா வந்தார். சால்வை வந்தது. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பயிற்சியாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஃபோனைப் பிடித்திருந்த அவளுடைய பெருவிரல் திரையில் இல்லாத கத்தரிக்கோலைத் தேடித் தேடித் தடவியது.

அப்போதுதான், தானாக நடந்து போன ஒரு மெஷினின் கதைக்கு ரேடியோ வந்தார். அதுவும் அவள் வெட்டிய துண்டுதான். ஃபில்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எடுத்திருந்தாள்.

புது மெஷின் கொண்டுவரும்போது உள்ளே இருக்கும் டிரம் ஆடாமலிருக்கப் பின்பக்கம் நீளமான போல்ட்டுகள் போட்டிருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். ஒரு வீட்டில் கழற்றாமல் குளியலறையில் வைத்து ஓடவிட்டுவிட்டார்கள். துணி பிழிய ஆரம்பித்ததும் மெஷின் ஆடியது, குதித்தது, நடந்தது. நடந்து போய்க் கதவுக்குப் பின்னால் அண்டக்கொடுத்து நின்றுகொண்டது. உள்ளே ஆள் இல்லை, வெளியே இருந்து கதவு திறக்கவில்லை.

"என்னக் கூப்பிட்டாங்க. போனேன். மேல சின்னதா ஒரு ஜன்னல். அதுல தலைய விட்டேன், போச்சு. தோள விட்டேன், போச்சு. வயிறு போகல. உள்ள பாதி, வெளிய பாதி. உள்ள மெஷின் என்னப் பாத்து ஆடுது. வெளிய அந்த வீட்டம்மா என் காலுகிட்ட நின்னு கேக்கறாங்க, 'தம்பி, டீ சாப்பிடறீங்களா?'"

கூடம் வெடித்தது. மேசைமேல் கிடந்த திருப்புளிகள் குலுங்கின. பயிற்சியாளர் அம்மா கடிகாரத்தை மறந்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ரேடியோ ஜன்னலில் மாட்டிக்கொண்டு நீந்துவது போல் கையை ஆட்டிக் காட்டினார். சிரிப்பு அடங்கி ஒரு நொடி அமைதி வந்தது. அந்த அமைதியில் முதல் வரிசையிலிருந்து, "ஹிக்!" என்றது.

"அது எங்க வீட்டம்மா" என்றார் அவர். "அவங்களுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க. நான் எங்க விட்டேன்?"

"ஜன்னல்ல சார்!" என்று கூடமே கத்தியது.

அந்தப் போல்ட்டை இனி அங்கே இருந்த ஒருவரும் மறக்க மாட்டார்கள். ஃபில்டருக்குத்தான் நேரமே இல்லை. கடைசியில் அவசரமாக அதைக் கழற்றிக் காட்டினார். பிறகு கேள்வி நேரம். நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"சார், அந்த வீடியோல வர்றது உங்க தம்பியா?"

"நான்தாம்மா அது."

"இல்ல சார், அவரு பட்டு பட்டுனு பேசறாரு. அதான்..."

அவர் மெதுவாகத் திரும்பி முதல் வரிசையைப் பார்த்தார். அவள் தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அவர்கள் முன் இருக்கை, நான் பின் இருக்கை. ரேடியோ பேசவில்லை. இரண்டு நிறுத்தம் போயிற்று. அவர் அவ்வளவு தூரம் பேசாமல் வந்து நான் பார்த்ததில்லை. அவளும் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எவ்ளோ வெட்டினே?" என்றார் கடைசியில்.

"கொஞ்சம்தாங்க."

"கொஞ்சம்னா?"

"முக்கா மணி நேரத்த மூணு நிமிஷம் ஆக்கினேன்."

"காட்டு."

அவள் முழு வீடியோவையும் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் முகத்தருகில் வைத்துக்கொண்டு பார்த்தார். பெரியப்பா வந்தார். குறட்டை வந்தது. அவர் நெற்றி சுருங்கியது. பிறகு, "இந்த ஆளு எப்பதான் விஷயத்துக்கு வருவான்?" என்று சொல்லிக்கொண்டே அவரே விரலால் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டுத் தன் விரலையே பார்த்தார். அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவருக்கும் அடக்க முடியவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்க்கும்படி இருவரும் குலுங்கினார்கள்.

"சரி, பெரியப்பா போகட்டும். ஆனா ஜன்னல் கதைய ஏன் எடுத்தே? அத்தன பேரும் சிரிச்சாங்கல்ல?"

"ஆமாங்க. அது தப்புதான். அதுக்குத் தனியா ஒரு வீடியோ போட்டுடலாம். ஆனா நீங்க சொல்றத மட்டும் காட்டினா பத்தாது. மெஷின் நடக்கறத காட்டணும்."

"அதுக்கென்ன, நடக்க வெச்சுட்டாப் போச்சு."

அடுத்த ஞாயிறு நடக்கவைத்தார்கள். பின்னறையிலிருந்த ஒரு பழைய மெஷினில் அந்த நீள போல்ட்டுகளைத் தேடியெடுத்து மாட்டினார். உள்ளே ஈரக் கம்பளி ஒன்றைத் திணித்தார். அவள் ஃபோனைப் படுக்கை வாக்கில் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் முதுகுப் பக்கம் வரும்படி இடம் பார்த்து நின்றாள். அதெல்லாம் இப்போது அவளுக்கு அத்துபடி.

"போடுங்க!"

மெஷின் முதலில் முனகியது. பிறகு தடதடவென்று ஆடியது. ஒரு காலைத் தூக்கியது போல் சாய்ந்து, ஒரு சாண் முன்னால் வந்தது. இன்னொரு சாண். அவர் பெருமையாகப் பக்கத்தில் நின்று, "பாருங்க, இப்படித்தான்..." என்றார். மெஷின் அவர் பக்கம் திரும்பியது. அவர் ஒதுங்கினார். அதுவும் ஒதுங்கியது. பிளக்கைப் பிடுங்கலாம் என்று அவர் சுவர்ப் பக்கம் பாய்ந்தபோது அது நடுவில் வந்து மறித்துக்கொண்டது. "ஏம்மா, நீயாவது பிடுங்கேன்!" என்று கத்தினார். அவளால் எங்கே முடியும்? ஒரு கையில் ஃபோன், விக்கல் வேறு. கடைசியில் அவர் ஒரே தாவாகத் தாவி மெஷின்மேல் ஏறி உட்கார்ந்தார். அது அவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தது. அவள் ஃபோனைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய், அவளும் ஏறி உட்கார்ந்தாள். இருவரையும் சுமந்துகொண்டு அது இன்னும் ஒரு முழம் போய், வயர் இழுபட்டு, பிளக் தானாகக் கழன்று நின்றது.

அந்த வீடியோ இப்போது ஊரெல்லாம் சுற்றுகிறது. பயிற்சி நிலையத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே போட்டுக் காட்டுகிறார்களாம். ரேடியோ இப்போதெல்லாம் பேசிக்கொண்டே வந்து நடுவில், "இத வெட்டிடு" என்று அவரே சொல்கிறார். சொல்லிவிட்டு அதையே தொடர்கிறார்.

ஃபோன் கீழே விழுந்த பிறகு ஓடிய துண்டை மட்டும் அவள் யாருக்கும் அனுப்பவில்லை. ஒரு காலையில் டீ ஆறிக்கொண்டிருக்கும்போது எனக்குக் காட்டினாள். படத்தில் மனிதர்கள் யாரும் இல்லை. தகரக் கூரை தெரிகிறது, அதில் தொங்கும் ஒரு பல்பு அதிர்கிறது. தடதடச் சத்தம், அவர் அலறல், அவள் விக்கல், பிறகு சத்தம் நின்று இரண்டு பேர் மூச்சு வாங்கி வாங்கிச் சிரிப்பது. வெகுநேரம் அதேதான். பல்பு மெல்ல மெல்ல ஆட்டம் அடங்குகிறது.

எனக்கு ஏனோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. "இத என்ன பண்ணப் போறே?" என்றேன்.

அவள் ஃபோனை வாங்கித் திரையை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"முதல்ல வெளிச்சத்த கூட்டணும்க்கா" என்றாள். "பல்பு ரொம்ப மங்கலா தெரியுது."